வ.உ.சி. வாங்கித் தந்த ஞாயிற்றுக்கிழமை

கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல் என்று வ.உ.சிதம்பரம் பிள்ளையை நாம் அறிவோம். ஆனால் ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று போராடி வென்றவர் அவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1872 செப்டம்பர் 5-ஆம் தேதி, திருநெல்வேலிச் சீமையின் ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்தார். தந்தை உலகநாதப் பிள்ளை வழக்கறிஞர். மகனும் அதே தொழிலுக்கு வந்தார். ஏழைகளின் வழக்குகளை எடுத்து நடத்தியதால் சாதாரண மக்களிடம் அவருக்குத் தனி மதிப்பு இருந்தது. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டு ஆங்கிலேயக் கம்பெனியோடு மோதினார்.

அதே தூத்துக்குடியில் ஹார்வி என்ற ஆங்கிலேயக் குழுமத்தின் கோரல் நூற்பாலை இயங்கி வந்தது. அங்கே வேலை நேரம் அதிகம், கூலியோ குறைவு. வார விடுமுறை என்பதே கிடையாது. சிறுவர்களும் இயந்திரங்களுக்கு இடையே நின்று உழைத்தார்கள். உடம்புக்கு முடியாமல் ஒரு நாள் படுத்தால், அன்றைய வயிற்றுப்பாட்டுக்கே திண்டாட்டம்.

1908 பிப்ரவரி 27-ஆம் தேதி ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். கூலி உயர்வு, வார விடுமுறை, மற்ற விடுமுறை வசதிகள் ஆகியவையே கோரிக்கைகள்.

பசி வந்தால் போராட்டம் தளர்ந்துவிடும் என்பது வ.உ.சி.க்குத் தெரியும். ஆகவே மேடைப் பேச்சோடு அவர் நிற்கவில்லை. ஊரில் வசதியுள்ளவர்களிடம் நிதி திரட்டினார். வேலைநிறுத்தம் செய்தவர்களில் பலருக்கு வேறு இடங்களில் வேலை தேடிக் கொடுத்தார். ஊரே தொழிலாளர் பக்கம் நின்றது. வெள்ளையருக்குத் துணைபோனவர்களுக்குச் சவரம் செய்யவும் துணி வெளுக்கவும் மறுத்தவர்கள் உண்டு.

ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையானது. இதைப் பார்த்து மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளும் தங்கள் ஆட்களுக்குச் சலுகை தர நேர்ந்தது.

வேலைநிறுத்தம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை அவர்கள் நின்றது கூலிக்காக அல்ல, தங்களுக்காக நின்ற மனிதருக்காக.

நீதிமன்றம் அவருக்கு விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், சிறைக் கொடுமை குறையவில்லை. கோயம்புத்தூர் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தார்கள். பிறர் ஓய்வுக்காக வாதாடியவருக்கு, வெயிலில் ஓய்வில்லாத உழைப்பே தண்டனையாக வந்தது.

1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. கப்பல் கம்பெனி கலைந்துவிட்டது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு கடை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்த வறுமையிலும் தொழிலாளரை அவர் மறக்கவில்லை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் பணிகளில் பங்கெடுத்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளர்கள் முதலில் எழுப்பிய குறைகளில் ஒன்று, சாப்பாட்டுக்குக் கிடைத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது.

பின்னர் உரிமத்தைத் திரும்பப் பெற்று வழக்காடினார். ஆனாலும் கடன் அவரை விடவில்லை. 1936 நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

இன்று நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் வார ஓய்வு நாள் உண்டு. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. பகுதிநேரத் தொழிலாளர்களுக்கென 2010-இல் தனி விதிமுறைகளும் வந்தன. ஆனால் காலையில் ஒரு கடை, மாலையில் ஓர் உணவகம் என்று இரண்டு ஷிப்ட் ஓடும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இவற்றைக் கேட்டுப் பெறுகிறார்கள்?

கோரல் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு தானாக வந்துவிடவில்லை. அவர்கள் ஒன்றாக நின்று கேட்டார்கள். கேட்கத் துணை நின்றவர் வ.உ.சி. ஓய்வு முதலாளி போடும் பிச்சையல்ல, உழைப்பவரின் உரிமை என்பதை அவர் வாழ்க்கை நமக்குச் சொல்கிறது.