க்ரூஸ் என்னும் ஓவியர்

பிரான்சு நாட்டின் தூர்னூ என்னும் சிற்றூரில் 1725ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் பாப்டிஸ்ட் க்ரூஸ். எளிய குடும்பங்களின் இன்பதுன்பங்களைத் தீட்டுவதில் அவர் வல்லவர். முதிய தந்தை மருமகனிடம் சீர்ப்பணம் அளிக்கும் ‘கிராமத்து மணமகள்’ 1761இல் பாரிஸ் கண்காட்சியில் இடம்பெற்றபோது, அதைக் காண மக்கள் திரண்டனர்.

அக்காலத்தில் வரலாற்று ஓவியர்க்கே உயர்மதிப்பு இருந்தது. அன்றாட வாழ்வைத் தீட்டுவோர் அவர்க்குக் கீழ்ப்பட்டவராகவே எண்ணப்பட்டனர். அவ்வுயர்வை விழைந்த க்ரூஸ், தம்மைக் கொல்லத் துணிந்த மகனைக் கடிந்துகொள்ளும் உரோமப் பேரரசர் செவரசை வரைந்து, 1769இல் அரச ஓவியக் கழகத்திடம் அளித்தார். கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. ஆயினும், அன்றாட வாழ்வின் ஓவியராகவே ஏற்றது. மனம் புண்பட்ட அவர், பல்லாண்டுகள் கழகத்தின் கண்காட்சியைப் புறக்கணித்தார். தம் ஓவியக்கூடத்திலேயே படங்களைக் காட்சிக்கு வைத்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது செல்வத்தை இழந்த க்ரூஸ், 1805இல் வறுமையில் மறைந்தார். ‘கிராமத்து மணமகள்’ இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.