லாச்சப்பல் மண்ணில் வாழ்ந்த ஒரு குருவானவர்

கார் து நோர் தொடருந்து நிலையம், லாரிபுவாசியேர் வைத்தியசாலை, எமது கடைகள் நிறைந்த ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் மேற்குப் பக்கம் எல்லாம் ஒருகாலத்தில் ஒரே வளவாக இருந்தன. சேன்-லசார் என்ற பழைய தொழுநோயாளர் மடத்தின் நிலம் அது. 1632 முதல் 1660 வரை அந்த மடத்தில் இருந்து பணியாற்றி அங்கேயே உயிர்நீத்தவர் புனித வின்சென்ட் து போல். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வின்சென்ட் டி போல் சபை என்று நாம் கேட்டு வளர்ந்த பெயர் இவருடையதுதான். ஏழைகளுக்கு உதவியவர் என்று அவரை எல்லோரும் அறிவோம். ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிய கேள்வி இன்னொன்று. ஒருவருக்குக் குருத்துவ அதிகாரம் கிடைத்துவிட்டால் அது மட்டும் போதுமா?

தெற்கு பிரான்சில் தாக்ஸ் நகருக்கு அருகே, பூய் என்ற கிராமத்தில் 1581ஆம் ஆண்டளவில் பிறந்தவர். ஆறு பிள்ளைகள் உள்ள கமக்காரக் குடும்பம். சிறுவயதில் ஆடும் பன்றியும் மேய்த்தார். மகனைப் படிப்பிக்கத் தகப்பன் ஒரு சோடி எருதை விற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பிள்ளை படித்தால் குடும்பம் கரைசேரும் என்ற எண்ணம் எமக்குப் புதிதல்ல. அந்நாளில் ஏழைப் பிள்ளைக்குத் திறந்திருந்த கதவு குருத்துவம். பங்கு ஒன்று கிடைத்தால் அதற்குரிய வருமானமும் கிடைக்கும்.

1600 செப்டெம்பரில் அவர் குருப்பட்டம் பெற்றபோது வயது 19. திரெந்து திருச்சங்கம் வகுத்த ஒழுங்குப்படி 24 வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். அந்த ஒழுங்கு பிரான்சில் அப்போது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சொந்த மறைமாவட்டத்துக்கு வெளியே, முதிர்ந்த ஓர் ஆயரின் கைகளால் அவருக்குப் பட்டம் கிடைத்தது. பின்பு பத்து ஆண்டுகள் அவர் தேடியது நல்ல வருமானமுள்ள ஒரு பதவியைத்தான். 1610இல் தாய்க்கு எழுதிய கடிதத்திலும் அந்த நம்பிக்கையே தெரிகிறது.

பரிசுக்கு வந்த பின் மெல்ல மெல்ல மாறினார். 1612இல் கிளிசியில் பங்குக் குருவானார். அடுத்த ஆண்டு கொந்தி என்ற பெரும் பிரபுக் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியராகச் சேர்ந்தார். அந்த வீட்டு அம்மையாருக்கு ஒரு மனக்கவலை இருந்தது. சிறுவயதில் தான் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, பாவமன்னிப்புக்குரிய வாக்கியமே தமது பங்குக் குருவுக்குத் தெரியவில்லை என்பதை அவர் பின்னாளில் உணர்ந்திருந்தார். அப்படியானால் ஊரில் மற்றவர்களின் நிலை என்ன?

கத்தோலிக்கருக்கு இது சின்ன விடயமல்ல. அப்போஸ்தலர் காலம் முதல் ஆயர்கள் தலையில் கைவைத்துக் கையளித்து வரும் அதிகாரம் குருத்துவம் என்பது அவர்கள் நம்பிக்கை. குரு நல்லவரோ கெட்டவரோ, முறைப்படி செய்த அருட்சாதனம் செல்லும். அருள் இறைவனுடையது, குருவுடையதல்ல என்பதே அதற்குக் காரணம். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வட ஆபிரிக்காவில் நடந்த பெரிய சர்ச்சையில் புனித அகுஸ்தீனார் நிலைநாட்டிய கருத்து இது. ஆனால் வாக்கியத்தையே அறியாதவர் முறைப்படி செய்வது எங்ஙனம்?

1617 ஜனவரியில் கொந்தி குடும்பத்தின் நிலத்தில் ஒரு வயோதிபக் கமக்காரர் சாகக் கிடந்தார். ஊரார் கண்ணில் நல்ல மனிதர். வின்சென்டிடம் வாழ்நாள் முழுவதற்குமான பாவசங்கீர்த்தனம் செய்தபோது, வெட்கத்தால் பல ஆண்டுகள் மறைத்த பாரங்களை இறக்கிவைத்தார். சில நாட்களில், 25ஆம் திகதி, ஃபொல்வீல் கோவிலில் வின்சென்ட் அதைப் பற்றிப் பிரசங்கித்தார். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த சனம் தாங்காமல் அமியேன் நகரிலிருந்து இயேசு சபைக் குருக்களை உதவிக்கு அழைக்க வேண்டியதாயிற்று. சனம் பசியோடு இருந்தது, பரிமாறத் தெரிந்தவர்தான் இல்லை என்பதை அன்று அவர் கண்டார்.

1625இல் கொந்தி குடும்பம் 45,000 லீவ்ர் கொடுக்க, நாட்டுப்புற ஏழைகளுக்கு மறையுரை செய்யும் குருக்கள் சபை பிறந்தது. கணக்குப் படித்த எமக்கு அதன் நிபந்தனைகள் கவனத்துக்குரியவை. கிராமங்களில் செய்யும் பணிக்குக் காசு வாங்கக்கூடாது. ஆயர்கள் இருக்கும் பெருநகரங்களில் பிரசங்கம் செய்யக்கூடாது. ஒரு மறைமாவட்டத்தில் பணி செய்ய அந்த ஆயரின் அனுமதி வேண்டும். ஒரு நிறுவனத்தில் காசோலையில் ஒப்பமிடும் அதிகாரம் பெற்றவருக்கு வரம்பும் வேண்டும், கணக்காய்வும் வேண்டும். அந்த ஒழுங்கையே அவர் குருத்துவத்துக்கும் வைத்தார்.

1628இல் போவே மறைமாவட்டத்தில் தொடங்கிய முயற்சி விரைவில் பரிசுக்கும் வந்தது. பட்டம் பெறப்போகிறவர்கள் அதற்கு முன் சுமார் பத்து நாட்கள் தங்கிப் பயிலவேண்டும் என்று பேராயர் கட்டளையிட்டார். அவர்கள் வந்து தங்கிய இடம் பின்னர் சேன்-லசாரானது. உணவும் உறைவிடமும் இலவசம். பூசை ஒப்புக்கொடுக்கும் முறை, பாவசங்கீர்த்தனம் கேட்கும் முறை, செபம் எல்லாம் கற்பித்தார்கள். 1633 முதல் செவ்வாய்க்கிழமைகளில், ஏற்கெனவே பட்டம் பெற்ற குருக்களும் கூடிப் பேசினார்கள்.

1643இல் அரசி அவரைத் திருச்சபைக் காரியங்களுக்கான ஆலோசனைச் சபையில் சேர்த்தார். ஆயர்களை முன்மொழியும் உரிமை மன்னருடையது. பிரபுக்களின் பிள்ளைகளுக்கு ஆயர் பதவி பரம்பரைச் சொத்துப்போல் போய்க்கொண்டிருந்தது. தகுதியில்லாதவர்களை அவர் எதிர்த்தார். முதலமைச்சர் மசரேன் கர்தினாலுடன் முரண்பட்டு, சுமார் ஒன்பது ஆண்டுகளில் சபையை விட்டு வெளியேற நேர்ந்தது. எல்லாம் வெற்றியுமல்ல. கொந்தி வீட்டு மகன் ஒருவர் சேன்-லசாரில் தங்கித் தியானம் செய்துவிட்டுப்போய், பின்னாளில் பரிஸ் பேராயராகி, அரசியல் சூழ்ச்சிகளுக்கே பேரெடுத்தார். பயிற்சி கதவைத் திறக்கும். உள்ளே போவது அவரவர் மனம்.

பட்டம் பெறாதவர்களின் பங்கையும் அவர் குறைத்து மதிப்பிடவில்லை. 1617இல் ஷத்தியோனில் அவர் அமைத்த முதல் உதவிச் சங்கம் இல்லத்தரசிகளுடையது. 1633இல் லூயிஸ் து மரியாக் அம்மையாருடன் சேர்ந்து தொடங்கிய அருட்சகோதரிகள் அடைத்த மடத்துக்குள் இருக்காமல் தெருத்தெருவாய் நோயாளிகளைத் தேடிப் போனார்கள். போரில் லொரேன் பகுதியிலிருந்து தப்பி வந்த அகதிகளுக்கு உணவும் வேலையும் தேடிக்கொடுத்தார். அன்று தனிக் கிராமமாக இருந்த லாச்சப்பல் கோவிலில் அவர்களைக் கூட்டி மறையுரையும் நடத்துவித்தார். எமக்கு மூன்றரை நூற்றாண்டு முந்திய லாச்சப்பல் அகதிகள் அவர்கள்.

1660 செப்டெம்பர் 27ஆம் திகதி காலமானார். 1737இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1789 யூலை 13, பஸ்தீய் விழுவதற்கு முதல்நாள், சேன்-லசார் சூறையாடப்பட்டது. பிறகு அது சிறைச்சாலையாயிற்று. இன்று 107ஆம் இலக்கத்தில் உள்ள அந்த இடத்தில் பொது நூலகம் இருக்கிறது.

நல்லூரில் நாவலர் பெருமானும் தீட்சையும் ஆகம அறிவும் இல்லாதவர் பூசை செய்வதைக் கண்டித்தார். சமயம் வேறு, கேள்வி ஒன்றே. புலம்பெயர்ந்த நாட்டில் நாம் கோவில் கட்டிவிட்டோம், தேரும் இழுக்கிறோம், தேவாலயங்களில் தமிழில் பூசையும் காண்கிறோம். பூசகரையோ குருவையோ ஊரிலிருந்து வரவழைக்கும்போது விசா, சம்பளம், தங்குமிடம் பற்றி நிர்வாக சபைகள் பேசுகின்றன. பிரெஞ்சில் படிக்கும் பிள்ளை மந்திரத்துக்கும் சடங்குக்கும் பொருள் கேட்டால் யார் சொல்லிக்கொடுப்பது என்பதை எத்தனை கூட்டங்களில் பேசினோம்? வின்சென்டின் கணக்குப்படி முதலில் பேசவேண்டியது அதுதான். அதற்கான செலவையும் அவர் வருவோரின் தலையில் கட்டாமல் தம் சபையின் கணக்கிலேயே எழுதினார்.