ஏழு திகில் நாவல்களும் ஜேன் ஆஸ்டினும்

இங்கிலாந்தின் பாத் நகரில், செல்வர்கள் கூடும் மண்டபம் ஒன்றில் இரண்டு இளம்பெண்கள் பேசிக்கொண்டிருக்கின்றனர். ஒருத்திக்கு வயது பதினேழு. ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'உடால்ஃபோவின் மர்மங்கள்' என்னும் திகில் நாவலைப் பாதி படித்துவிட்டு, கறுப்புத் திரைக்குப் பின்னால் இருப்பது என்ன என்று தெரியாமல் தவிக்கிறாள். அவளைவிட நான்கு வயது மூத்த தோழியோ, அடுத்துப் படிக்க வேண்டிய ஏழு நாவல்களின் பட்டியலைத் தன் சிறு குறிப்பேட்டிலிருந்து வாசித்துக் காட்டுகிறாள். அந்த ஏழும் உண்மையிலேயே அச்சமூட்டக் கூடியவைதானா என்பது மட்டுமே இளையவளின் கவலை. மூத்தவளும் அவற்றைப் படித்தவள் அல்லள். எல்லாவற்றையும் படித்துவிட்ட இன்னொரு தோழி சொன்னதைத்தான் அவளும் வழிமொழிகிறாள்.

இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு 'நார்த்தாங்கர் அபே' என்ற நாவலில் இக்காட்சியைத் தீட்டியவர் ஜேன் ஆஸ்டின். காதலையும் திருமணத்தையும் எழுதியவர் என்றே இன்று அறியப்படும் அவர், திகில் நாவல் படிக்கும் இளையோரைப் பற்றியும், அவர்களைக் கண்டு பெரியவர்கள் கொள்ளும் அச்சத்தைப் பற்றியும் தெளிவான கருத்துடையவராக இருந்தார். அவரது வாழ்க்கையே அதற்குச் சான்று.

1775 டிசம்பர் 16 அன்று, ஹாம்ப்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஸ்டீவன்டன் என்ற சிற்றூரில், ஜார்ஜ் ஆஸ்டின் என்னும் பாதிரியாரின் எட்டுக் குழந்தைகளில் ஏழாவதாகப் பிறந்தார் ஜேன். ஆறு சகோதரர்கள், கசாண்ட்ரா என்னும் ஒரே அக்காள். இரு சிறுமிகளும் ரெடிங் நகரப் பள்ளியில் சிறிது காலம் பயின்றனர். ஜேனுக்குப் பதினொரு வயது ஆவதற்குள்ளாகவே அந்தப் படிப்பு முடிந்துபோயிற்று. அதன் பிறகு அவருக்குப் பள்ளியாக அமைந்தது தந்தையின் நூலகமே. ஏறத்தாழ ஐந்நூறு நூல்கள் இருந்த அந்த அறையில், இது பெண்பிள்ளைக்கு ஏற்றது, இது ஏற்றதன்று என்று தந்தை பூட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை.

அந்தச் சுதந்திரத்தின் பலன் விரைவிலேயே வெளிப்பட்டது. பன்னிரண்டு வயது முதல் ஜேன் எழுதத் தொடங்கினார். பதினான்கு வயதில் எழுதிய ஒரு சிறு கதையில், அக்காலத்து உணர்ச்சிப் பெருக்கு நாவல்களின் நாயகிகள் எதற்கெடுத்தாலும் மயங்கி விழுவதைக் கேலி செய்து, வீட்டாரைச் சிரிக்க வைத்தார். ஒரு வகை நூலைக் கேலி செய்ய வேண்டுமானால் அதை நிறையப் படித்திருக்க வேண்டும். விரும்பியும் படித்திருக்க வேண்டும். ஜேன் இரண்டையும் செய்தார்.

அக்காலத்தில் நாவல் படிக்கும் பெண்கள் ஐயத்துடனேயே பார்க்கப்பட்டனர். நாவல்கள் இளம்பெண்களின் மனத்தைக் கெடுத்துவிடும், கற்பனையைத் தூண்டிக் கடமையை மறக்கச் செய்துவிடும் என்று மேடைகளிலும் ஏடுகளிலும் எச்சரிக்கைகள் முழங்கின. 1766-இல் வெளிவந்த ஜேம்ஸ் ஃபோர்டைஸின் இளம்பெண்களுக்கான சொற்பொழிவுகள் அவ்வகை அறிவுரைக்குப் பெயர்போன நூல். பின்னாளில் தம்முடைய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், நாவல் என்றாலே முகம் சுளிக்கும் காலின்ஸ் என்ற அசட்டுப் பாதிரியாரின் கையில் அந்த நூலையே கொடுத்து உரக்க வாசிக்க வைத்தார் ஜேன். மூன்று பக்கங்கள் முடிவதற்குள் வீட்டின் கடைக்குட்டிப் பெண் குறுக்கே பேசிவிடுகிறாள்.

எச்சரிக்கைகளையும் மீறி நாவல்கள் பரவின. சந்தா கட்டி நூல்களை எடுத்துச் செல்லும் வாடகை நூலகங்கள் ஊருக்கு ஊர் தோன்றின. லண்டனில் வில்லியம் லேன் நடத்திய மினர்வா அச்சகம் அந்த நூலகங்களுக்காகவே திகில் நாவல்களை அச்சிட்டுக் குவித்தது. பாழடைந்த கோட்டை, நள்ளிரவு மணியோசை, சிறை வைக்கப்பட்ட பெண், கொடிய பிரபு என்பவையே அவற்றின் பொதுக் கூறுகள். அவ்வகையில் முதலிடம் பெற்றவர் ஆன் ராட்கிளிஃப். 1794-இல் நான்கு பாகங்களாக வந்த 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலுக்கு அவர் பெற்ற தொகை 500 பவுண்டு. அந்நாளில் ஒரு நாவலுக்கு அது மிகப் பெரிய விலை. ஆவியும் பேயும் உலவுவதாக நம்பவைத்துவிட்டு, இறுதியில் எல்லாவற்றுக்கும் இயல்பான காரணத்தைச் சொல்லி முடிப்பது அவரது பாணி.

ஆஸ்டின் குடும்பத்தில் நாவல் படிப்பது மறைக்க வேண்டிய செயலாக இருக்கவில்லை. தாங்கள் நாவல் பித்தர்கள் என்றும், அதற்காக வெட்கப்படுபவர்கள் அல்லர் என்றும் 1798-இல் அக்காளுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஜேன் குறிப்பிட்டார். அதே ஆண்டு அக்டோபரில், பயண வழியில் தங்கிய விடுதியிலிருந்து எழுதிய மற்றொரு கடிதம், தந்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்த 'நள்ளிரவு மணி' என்னும் நாவலைப் படித்துக்கொண்டிருப்பதைத் தெரிவிக்கிறது. பட்டியலிலுள்ள ஏழு நூல்களுள் ஒன்று அது. அறுபது வயதைக் கடந்த ஒரு பாதிரியார், மகளின் கண்ணெதிரே திகில் நாவல் படித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில்தான், தம் இருபத்து மூன்றாம் வயதையொட்டி, 'சூசன்' என்ற நாவலை ஜேன் எழுதினார். அதுவே பின்னர் 'நார்த்தாங்கர் அபே' ஆயிற்று. நாயகி கேத்தரின் மோர்லண்ட், தளபதி டில்னியின் இல்லத்துக்கு விருந்தாளியாகச் செல்கிறாள். பழைய மடாலயமாக இருந்த வீடு அது. படித்த நாவல்களின் நினைவில் பழைய அலமாரியைத் திறந்து ஒரு காகிதச் சுருளைக் கண்டெடுக்கிறாள். விடிந்ததும் பார்த்தால் அது சலவைக் கணக்கு. தளபதி தம் மனைவியைக் கொன்றிருப்பாரோ என்று ஐயுறுகிறாள். அது வீண் ஐயம் என்று அறிந்து நாணுகிறாள்.

இத்துடன் கதை நின்றிருந்தால், திகில் நாவல் படித்தால் புத்தி பேதலிக்கும் என்ற அறிவுரைகளின் வரிசையில் இதுவும் சேர்ந்திருக்கும். ஜேன் அங்கே நிறுத்தவில்லை. கேத்தரின் பெருஞ்செல்வத்துக்கு உரியவள் அல்லள் என்று கேள்விப்பட்ட மறுகணமே தளபதி அவளை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார். துணைக்கு ஒரு வேலைக்காரர்கூட இல்லாமல், கையில் பணமும் போதாமல், எழுபது மைல் தொலைவை அந்தப் பதினேழு வயதுப் பெண் தனியே கடக்கிறாள். தளபதி கொலைகாரர் அல்லர். ஆயினும் கொடியவர் என்று அவள் உணர்ந்ததில் பிழை இல்லை. நாவல்கள் அவளுக்குத் தவறான விவரங்களைத் தந்தன. ஆனால் தீமையை அடையாளம் காணும் உள்ளுணர்வையும் அவையே கூர்மையாக்கின.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்நாவலில் நாவல்களை இகழ்பவன் ஜான் தோர்ப். 'உடால்ஃபோ'வைப் படித்ததில்லை என்றும், ராட்கிளிஃப் எழுதியவையே படிக்கத் தகுந்தவை என்றும் ஒரே மூச்சில் சொல்லி அறியாமையைக் காட்டிக்கொள்ளும் அவனுடைய பொய்கள்தாம் கேத்தரினின் துன்பத்துக்கெல்லாம் வேர். மாறாக, அதே நூலை மயிர்க்கூச்செறிய இரண்டே நாளில் படித்து முடித்ததாகச் சொல்லும் ஹென்றி டில்னிதான் நேர்மையானவன். பட்டியல் கொடுத்த தோழி இசபெல்லாவின் நட்பு போலியானது என்பது பின்னர் வெளிப்படுகிறது. கேடு செய்பவை புத்தகங்கள் அல்ல, மனிதர்களே என்பது ஜேனின் முடிவு.

கோட்டையும் பேயும் இல்லாமலேயே பெண்களின் வாழ்வில் அச்சத்துக்குக் குறைவில்லை என்பதை அவர் குடும்ப வரலாற்றிலிருந்தே அறிந்திருந்தார். அவருடைய அத்தை ஃபிலடெல்ஃபியா, பெற்றோரை இழந்தவர், சொத்தும் இல்லாதவர். 1752-இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, மறு ஆண்டு கடலூரில், கிழக்கிந்திய கம்பெனி மருத்துவர் ஒருவரை மணந்தார். கணவன் தேடிக் கடல் கடந்து அனுப்பப்படும் ஏழைப் பெண்ணின் நிலையை, ஜேன் தம் பதினாறாம் வயதில் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட கதை ஒன்றில் கசப்புடன் சித்திரித்தார்.

அதே பாதுகாப்பின்மை அவரையும் விடவில்லை. 1801-இல் தந்தை ஓய்வு பெற்றுப் பாத் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1802-இல் வசதி படைத்த ஒருவர் மணம் பேசியபோது ஒப்புக்கொண்ட ஜேன், மறுநாள் காலையிலேயே மறுத்துவிட்டார். 1805-இல் தந்தை இறந்த பின், தாயும் இரு மகள்களும் சகோதரர்களின் உதவியில் வாழ வேண்டியவர்களாயினர். 1809-இல் சகோதரர் எட்வர்ட் சாட்டன் என்ற ஊரில் ஒரு வீடு கொடுக்கும்வரை அவர்களுக்கு நிலையான இருப்பிடம் இல்லை.

'சூசன்' கையெழுத்துப்படியின் கதியும் ஒரு மர்மக் கதை போன்றதே. 1803-இல் லண்டன் பதிப்பாளர் கிராஸ்பி அதை 10 பவுண்டுக்கு வாங்கினார், விளம்பரமும் செய்தார், ஆனால் வெளியிடவில்லை. ஆறு ஆண்டுகள் காத்திருந்த ஜேன் 1809-இல் புனைபெயரில் ஒரு கடிதம் எழுதி விசாரித்தார். வேண்டுமானால் அதே 10 பவுண்டுக்குத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்பதே பதில். அந்தத் தொகை அன்று அவரிடம் எளிதாகக் கிட்டக்கூடியதாக இல்லை. 1811-இல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி', 1813-இல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்', 1814-இல் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்', 1815-இன் இறுதியில் 'எம்மா' என நூல்கள் பெயரிடப்படாமலேயே வந்து புகழ் பெற்ற பிறகு, 1816-இல் சகோதரர் ஹென்றி சென்று அப்படியை மீட்டார். பணத்தைக் கொடுத்துப் படியை வாங்கிக்கொண்ட பிறகே, அது யார் எழுதியது என்பதைப் பதிப்பாளருக்குத் தெரிவித்ததாகக் குடும்பத்தார் பதிவு செய்துள்ளனர்.

மீட்ட நூலை ஜேன் அச்சில் காணவில்லை. 1817 ஜூலை 18 அன்று, வின்செஸ்டர் நகரில், நாற்பத்தோரு வயதில் இறந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் 'நார்த்தாங்கர் அபே'யும் 'பர்ஸுவேஷன்' நாவலும் சேர்ந்து வெளிவந்தபோது, ஹென்றி எழுதிய குறிப்பின் வழியாகவே இந்நூல்களை எழுதியவர் பெயரை வாசகர் முதன்முதலாக அறிந்தனர். வாழ்நாளில் எழுத்தால் அவர் ஈட்டியது மொத்தமே 600 முதல் 700 பவுண்டு அளவில்தான்.

பட்டியலிலிருந்த ஏழு நாவல்களையும் காலம் மறந்தது. அவை ஜேன் கேலிக்காகக் கற்பித்த பெயர்கள் என்றே பலரும் எண்ணினர். ஏழும் 1793-க்கும் 1798-க்கும் இடையே உண்மையாகவே அச்சானவை என்பதை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். 1927-இல் மைக்கேல் சாட்லியர் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். 1968-இல் ஏழும் ஒரே தொகுதியாக மறுபதிப்புக் கண்டபோது அதன் பதிப்பாசிரியராக இருந்தவர் இந்தியாவில் பிறந்த அறிஞர் தேவேந்திர வர்மா. அவற்றுள் ஆறு, மினர்வா அச்சகத்தின் வெளியீடுகள். நூலகங்களும் அறிவுரையாளர்களும் காப்பாற்றாத நூல்களை, ஒரு பெண் தன் தோழிக்குச் சொன்ன பட்டியல் காப்பாற்றிவிட்டது.

'நார்த்தாங்கர் அபே'யின் ஐந்தாம் அத்தியாயத்தில் கதையை நிறுத்திவிட்டு, நாவல் படிப்பதை வெட்கத்துடன் மறைக்கும் பெண்களுக்காக ஜேன் நேரடியாக வாதாடுகிறார். மனித இயல்பைப் பற்றிய ஆழ்ந்த அறிவும், நகைச்சுவையும், நல்ல மொழியும் அங்கேதான் கிடைக்கின்றன என்பது அவரது வாதம். நாவல் எழுதுபவர்களே தம் கதைமாந்தர் நாவல் படிப்பதை இழித்துக் காட்டுவது நன்றிகெட்ட செயல் என்றும் அவர் கடிந்துகொள்கிறார்.

இன்றும் பதின்ம வயதுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் திகில் நாவல்களைப் பரிந்துரைத்துக்கொள்கின்றனர். பாடநூலை விட்டுவிட்டுப் பேய்க் கதையா என்று பெற்றோர் கவலைப்படுகின்றனர். அந்தக் கவலை புதிதன்று, அன்பில்லாததும் அன்று. ஆனால் பிள்ளைகள் கைமாற்றிக்கொள்ளும் அப்பட்டியலைப் பறிப்பதைவிட, அதிலிருந்து ஒரு நூலை எடுத்துத் தாமும் படிப்பது நல்லது. படித்த பின் அவர்களோடு பேச ஒரு பொருள் கிடைக்கும். கதையில் கண்ட கொடுமைக்கும் உலகில் காணப்போகும் கொடுமைக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பேச்சில் உணர்த்த முடியும். ஸ்டீவன்டன் பாதிரியார் செய்தது அதுதான். அவர் வீட்டு நூலக அறையில் தடையின்றிப் படித்த சிறுமி என்னவாக வளர்ந்தாள் என்பதை உலகம் அறியும்.