எழுத அஞ்சிய ஹெலன்

ஹெலன் கெல்லர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தண்ணீர்க் குழாயடிதான். பிறந்த 19ஆம் மாதத்தில் நோயால் பார்வையையும் செவிப்புலனையும் இழந்தவர் அவர். ஒரு கையில் தண்ணீர் பாய, மறு கையில் ஆசிரியர் ஆன் சல்லிவன் விரல்களால் எழுத்துக்கூட்டிக் காட்டிய சொல்லை அவர் அங்கேதான் புரிந்துகொண்டார். 1887இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அது நடந்தபோது அவருக்கு வயது ஆறு. ஆனால், அவர் பெரிதும் துன்புற்ற காலம் அதற்குப் பிறகுதான் வந்தது.

11 வயதில் ஹெலன் பனி அரசனைப் பற்றிக் கதை ஒன்று எழுதினார். பாஸ்டன் நகரின் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளித் தலைவர் மைக்கேல் அனக்னோசுக்கு அதைப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். கதை அச்சில் வந்தது. மகிழ்ச்சியோ நீடிக்கவில்லை. மார்கரெட் கேன்பி என்னும் எழுத்தாளரின் பழைய கதையை அது பெரிதும் ஒத்திருப்பதாகத் தெரியவந்தது. 1888ஆம் ஆண்டுக் கோடையில் அக்கதை ஹெலனுக்குக் கைவிரல் வழியே வாசித்துக் காட்டப்பட்டிருந்தது. கேட்டதை அவர் மறந்துவிட்டார். கதை மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. உலகையே பிறர் விரல்கள் வழியாக அறிந்த சிறுமிக்கு, எது கேட்டது, எது தானே நினைத்தது என்று பிரித்தறிவது எளிதா என்ன?

பள்ளியில் எட்டுப் பேர் கொண்ட குழு விசாரித்தது. சல்லிவனை வெளியே அனுப்பிவிட்டு, ஹெலனிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். குழுவில் பாதிப் பேர் அவரை நம்பவில்லை. அன்றிரவு படுக்கையில் அழுத அவர், விடிவதற்குள் இறந்துவிடுவோம் என்றே எண்ணினார்.

அழுகை ஓய்ந்தது, அச்சம் ஓயவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, இது தம்முடைய கருத்துதானா என்று தெரியவில்லையே எனச் சல்லிவனிடம் கலங்குவார். தாய்க்கு எழுதும் கடிதத்தில்கூட இந்த ஐயம் அவரை வாட்டியது. கேன்பியே அன்பாகக் கடிதம் எழுதித் தேற்றினார். ஹெலனுக்கு 12 வயதானபோது, சிறுவர் இதழ் ஒன்றுக்குத் தம் வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாக எழுதும்படி சல்லிவன் வற்புறுத்தினார். ஹெலன் தயங்கித் தயங்கி எழுதி முடித்தார்.

1896இல் கல்லூரிக்கு ஆயத்தமாக ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, பாடச் சுமை அதிகம் என்று கருதிய பள்ளித் தலைவர், ஹெலனையும் சல்லிவனையும் பிரிக்க முயன்றார். ஹெலனின் தாய் வந்து அதைத் தடுத்தார். பள்ளியை விட்டு விலகிய ஹெலன், தனி ஆசிரியரிடம் கற்று, 1900இல் ராட்கிளிப் கல்லூரியில் நுழைந்தார்.

ஆசைப்பட்ட கல்லூரியிலும் தனிமை இருந்தது. விரிவுரைகளைச் சல்லிவன் அவர் கையில் எழுத்துக்கூட்டிச் சொல்வார். கேட்பதற்கே கை வேண்டியிருந்ததால் குறிப்பெடுக்க முடியாது. வீடு திரும்பி, நினைவில் நின்றதைத்தான் எழுதிவைக்க வேண்டும். பிரெய்ல் எழுத்தில் கிடைத்த பாடநூல்களோ மிகச் சில. மற்ற மாணவிகள் ஆடிப் பாடி மகிழும் நேரத்தில், தாம் மட்டும் சில அத்தியாயங்களோடு மணிக்கணக்கில் போராடுவதை நினைத்து மனம் கசந்த நாள்கள் உண்டு. சற்று நேரத்தில் தம்மைத் தேற்றிக்கொண்டு மீண்டும் படிக்க அமர்வார்.

அங்கே ஆங்கிலம் கற்பித்த சார்லஸ் கோப்லண்ட், பிறரைப் போல எழுத முயலாமல் சொந்த அனுபவத்தையே எழுதும்படி தூண்டினார். அப்படி எழுதியவற்றிலிருந்து வளர்ந்த தன்வரலாறு 1903இல் நூலாக வந்தது. பனி அரசன் கதைக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு. விசாரணை, அழுகை, அச்சம் எதையும் அவர் மறைக்கவில்லை. அதைப் படித்துச் சினங்கொண்ட எழுத்தாளர் மார்க் டுவெய்ன், ஹெலனின் பக்கம் நின்று அவருக்குக் கடிதம் எழுதினார்.

அடுத்த ஆண்டு, 24ஆம் வயதில், ஹெலன் இளங்கலைப் பட்டம் பெற்றார். பார்வையும் செவிப்புலனும் இல்லாத ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதன்முறை.