பல் அடைப்புக்கு இலக்கணம் வகுத்த டாக்டர் பிளாக்

சொத்தைப் பல்லில் குழி விழுந்தால் டாக்டரிடம் போய் அடைத்துக் கொள்கிறோம். அடைத்தது பெயர்ந்து வராமல் நிற்பது எப்படி? இந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுவதும் விடை தேடியவர், அமெரிக்காவைச் சேர்ந்த ஜி.வி.பிளாக். நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படுபவர்.

பண்ணையில் பிறந்தவர்

பிளாக், 1836-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி, இல்லினாய்ஸ் மாநிலத்தில் வின்செஸ்டர் அருகே ஒரு பண்ணையில் பிறந்தார். பள்ளியில் படித்த காலம் சொற்பம். 17 வயதில், டாக்டராக இருந்த அண்ணன் தாமசிடம் சேர்ந்து மருத்துவம் கற்றார். பிறகு ஸ்பியர் என்ற பல் டாக்டரிடம் சிறிது காலம் தொழில் பழகி, வின்செஸ்டரிலேயே தொழில் தொடங்கினார். உள்நாட்டுப் போரில் வடவர் படையில் பணியாற்றிய பின், ஜாக்சன்வில் நகரில் குடியேறினார்.

தையல் மெஷினைப் போல காலால் மிதித்து, பல்லைக் குடையும் கருவி ஒன்றை அவரே உருவாக்கினார்.

கலவையில் குறை

வெள்ளி, வெள்ளீயம் கலந்த உலோகத் தூளைப் பாதரசத்துடன் குழைத்து பல்லை அடைப்பது அன்றைய வழக்கம். சில கலவைகள் இறுகும்போது சுருங்கின. பல்லுக்கும் அடைப்புக்கும் நடுவே இடுக்கு விழுந்தது. அந்த இடுக்கில் மீண்டும் சொத்தை பிடித்தது. வேறு சில, விரிந்து வெளியே பிதுங்கின.

பிளாக் இந்தச் சுருக்கத்தையும் விரிவையும் நுட்பமான கருவிகளால் அளந்தார். கடிக்கும் பல்லின் விசையையும் அளந்தார். எந்த விகிதத்தில் கலந்தால் அடைப்பு அளவு மாறாமல் நிற்கும் என்பதை ஆராய்ந்து 1895-ல் வெளியிட்டார்.

ஆனால், ரசக்கலவை பல்லில் ஒட்டாது. ஆகவே, அது கழன்று விழாதபடி குழியைப் பெட்டி போலச் செதுக்க வேண்டும் என்று விதி வகுத்தார். மீண்டும் சொத்தை வராமலிருக்க, சுற்றியுள்ள பகுதியையும் சேர்த்து எடுக்கச் சொன்னார். அடைப்பு நிலைத்தது. அதற்கு விலையாக, நல்ல பல்லும் கொஞ்சம் பறிபோயிற்று.

1897 முதல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக பல் மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்த பிளாக், 1915 ஆகஸ்டு 31-ந் தேதி காலமானார்.

ஒட்டும் வழி

அவர் மறைந்து 40 ஆண்டுகளுக்குப் பின், 1955-ல், நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் மைக்கேல் போனகோர் புது வழி கண்டார். பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் தடவினால் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டாகும். அவற்றில் பிசின் இறங்கி இறுகினால் அடைப்பு பற்றிக்கொள்ளும். எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் ஈரமானது. அதில் ஒட்டுவது கடினம். பிசின் அங்கே பல்லின் நார்களோடு பின்னிக் கலந்த அடுக்காகிறது என்று ஜப்பானின் நகபயாஷி 1982-ல் காட்டினார்.

இன்று பல்லின் நிறத்திலேயே அடைக்கிறார்கள். சொத்தையை மட்டும் எடுத்தால் போதும்; நல்ல பல் தப்புகிறது. ஆனால், டென்டினில் ஒட்டிய பிடி நாளடைவில் தளர்கிறது. அதைத் தடுக்க ஆராய்ச்சி நடக்கிறது. பிளாக் கேட்ட கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை.

அவருடைய சிலை, சிகாகோ நகரின் லிங்கன் பூங்காவில் இருக்கிறது.