தபால் தலைச் செல்வர் பிலிப் பெராரி

பொருளைத் தேடுவோர் பலர்; தேடியதைப் பேணுவோர் சிலர்; பேணியதைப் பிறர்க்குப் பயன்படுமாறு வைத்துச் செல்வோர் மிகச் சிலரே. முதலிரண்டிலும் நிகரற்றவராய் விளங்கியும் மூன்றாவது கைகூடாமற்போன ஒரு சீமானின் சரிதம் நம் அங்கத்தினர் யாவரும் சிந்திக்கத்தக்கதாகும்.

பிலிப் வான் பெராரி 1850 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பாரிஸ் நகரில் பிறந்தார். இவர் பிதாவாகிய கல்லியேராப் பிரபு ஐரோப்பாவின் பெருந்தனவந்தருள் ஒருவர். அவர் தம் ஜன்மபூமியாகிய ஜெனோவாவின் துறைமுகத்தை விருத்தி செய்ய 1875 இல் இரண்டு கோடி லிரா வழங்கினார். மாதா அந்நகரில் வைத்தியசாலை நிறுவிய புண்ணியவதி. 1876 இல் தந்தையார் காலஞ்சென்றபின், மைந்தர் பிரபுப் பட்டத்தை வேண்டாது விலக்கி, இளமை முதல் தம் மனத்தைக் கவர்ந்த தபால் தலைகளைச் சேகரிப்பதிலேயே வாழ்நாளைச் செலுத்தினார்.

ஐரோப்பாவெங்கும் யாத்திரை செய்து, வியாபாரிகளுக்கு ரொக்கமாகப் பணங்கொடுத்து வாங்குவது இவர் வழக்கம். இத்தாராளத்தை அறிந்த வஞ்சகர் போலித் தலைகளையும் செய்து இவரிடம் விற்றனர். ஆயினும் இவரிடம் சேர்ந்த மெய்யான அரும்பொருள்கள் பல. இங்கிலாந்திலிருந்து தலைகள் வந்துசேராத சமயத்தில், பிரிட்டிஷ் கயானாவில் 1856 இல் உள்ளூரிலேயே சில அச்சிட்டனர். அவற்றுள் ஒரு சென்ட் தலையொன்றை 1873 இல் ஒரு சிறுவன் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். அதனை 1878 இல் பெராரி வாங்கினார். பச்சை நிறத்தில் இருக்கவேண்டியது தவறி மஞ்சளில் அச்சாகிய ஸ்வீடன் தேசத்துத் தலை 1894 இல் இவர் கைக்கு வந்தது.

இச்சேகரம் சிதறாமல் பொதுஜனங்கள் காணவேண்டுமென விரும்பி, பெர்லின் தபால் காட்சிசாலைக்கு உரித்தாக இவர் உயில் எழுதிவைத்தார். ஆனால் 1914 இல் மகாயுத்தம் மூண்டது. ஆஸ்திரியக் குடியுரிமை ஏற்றிருந்த இவர் 1917 மே மாதம் ஸ்விட்ஸர்லாந்தில் லோசான் நகரில் உயிர்நீத்தார். சேகரமோ பாரிஸில் இருந்தது. பிரெஞ்சு அரசாங்கம் அதனைச் சத்துருவின் சொத்தெனக் கைப்பற்றி, 1921 முதல் 14 தவணைகளாக ஏலமிட்டு, வந்த தொகையை ஜெர்மனி தரவேண்டிய யுத்த நஷ்டஈட்டுக் கணக்கில் வைத்துக்கொண்டது. அந்த ஒரு சென்ட் தலை மட்டும் 1922 இல் மூன்று லட்சம் பிராங்குக்கு மேல் விலைபோயிற்று. 2021 இல் அதன் விலை 80 லட்சம் டாலரையும் கடந்தது.

மாதா தம் காலத்திலேயே தொடங்கிய வைத்தியசாலை இன்றும் ஜெனோவாவில் பிணி தீர்த்து வருகின்றது. மைந்தர் நாற்பது ஆண்டுக்கு மேல் சேர்த்ததோ சில ஆண்டுகளில் நாலா திசையும் சென்றது. இவர் எண்ணம் நல்லதே. நிறைவேற்றும் பொறுப்பைத் தம் மறைவுக்குப் பின் வருங் காலத்திடம் விட்டதே குறையாயிற்று. கல்விக்கோ பொதுநலத்துக்கோ கொடுக்க எண்ணும் நம் குடும்பத்தார், தம் கண்காணக் கொடுத்து, அது நடைபெறுவதையும் கண்டு மகிழ்வாராக.