கல்பாத்தி கே.ஆர். ராமநாதன்: கண்டதைக் கண்டபடி எழுதிய விஞ்ஞானி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்கு ஐப்பசி மாதத்து மத்தியானம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மூன்று மணிக்குக் கிழக்கே மலைப்பக்கம் கருக்க ஆரம்பிக்கும். மிளகாய் வற்றலையும் கொப்பரையையும் வெல்லத்தையும் மூட்டை மூட்டையாக வாசலில் அடுக்கி வைத்திருக்கும் வியாபாரிகள் தார்ப்பாயைத் தேடுவார்கள். முதல் இடி கேட்டதும் வீடுகளில் கொடித் துணியை எடுக்க ஓடுவோம். சித்திரை மாதத்திலும் இப்படித்தான். மற்ற மாதங்களில் மழை பெய்தாலும் இந்த இடி கிடையாது.

ஏன் இந்த மாதங்களில் மட்டும், ஏன் பிற்பகலில் மட்டும் என்று நான் சிறுவயதில் யாரையும் கேட்டதில்லை. பி.எஸ்ஸி.யில் பௌதிகம் படித்த பிறகும் கேட்கவில்லை. எனக்கு வெகு காலம் முன்பே இதே ஊரில் ஒரு பாலக்காட்டு இளைஞர் இந்த இடிமழையை ஆராய்ந்து எழுதியிருந்தார் என்பது, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு புத்தகங்களைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. அவர்தான் டாக்டர் கே.ஆர். ராமநாதன். வானிலைத் துறையினரும் ஓசோன் ஆராய்ச்சியாளர்களும் உலகெங்கும் நன்கு அறிந்த பெயர். நம் குடும்பங்களில் சர் சி.வி. ராமனைத் தெரிந்த அளவுக்கு இவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் குறை என்னிடமும் இருந்ததால் இந்தக் கட்டுரையை எழுத முனைந்தேன்.

கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன் 1893ஆம் வருடம் பிப்ரவரி 28ஆம் தேதி பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தார். தேர்த் திருவிழாவுக்குப் பேர் போன அந்த அக்ரஹாரத்திலிருந்து பாலக்காடு விக்டோரியா கல்லூரிக்கும், பிறகு சென்னை மாநிலக் கல்லூரிக்கும் சென்று பௌதிகம் பயின்றார். 1914இல் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பௌதிகப் பரிசோதனைக் கூடத்து டெமான்ஸ்ட்ரேட்டராக வந்து சேர்ந்தார். பின்னாளில் யூனிவர்சிட்டி காலேஜ் என்று நாமெல்லாம் அறிந்த கல்லூரிதான் அது. சாலையிலிருந்து கிழக்கே கோட்டை, பழவங்காடிப் பிள்ளையார், தம்பானூர், ஸ்டாச்சு என்று நடந்தால் முக்கால் மணியில் போய்விடலாம். 1960களின் கடைசியில் நான் அப்படித்தான் நடந்து போய்ப் படித்தேன்.

டெமான்ஸ்ட்ரேட்டர் என்பது பெரிய பதவி அல்ல. மாணவர்களுக்குச் சோதனைகளைச் செய்து காட்டி, கருவிகளைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். ஏழு வருடம் அதில் இருந்தார். ஆனால் கல்லூரிக்கு அருகிலேயே ஒரு பெரிய சொத்து இருந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் நிறுவிய வானிலைக் கூடம் அது. புவியின் காந்த மத்திய ரேகை இவ்வூருக்கு மிக அருகில் செல்வதால், கால்டெகாட், ஜான் ஆலன் புரௌன் போன்ற ஐரோப்பிய விஞ்ஞானிகள் இங்கே தங்கிக் காந்தமானிகளையும் காற்றழுத்தமானிகளையும் மணிக்கு மணி பார்த்து எழுதி வைத்தார்கள். புரௌன் அகஸ்தியர் மலை உச்சியிலும் ஒரு கூடம் கட்டிக் கணக்கெடுத்தார்.

இந்த ஆய்வுக்கூடம் ராமநாதனுக்கு வாய்த்தது. நவீனக் கருவிகள் வேண்டும், வெளிநாடு போக வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கைக்கெட்டிய பதிவுகளைக் கொண்டு, தலைக்கு மேலே இடித்த இடியையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் வாயுமண்டலமே அவர் வாழ்க்கையாக ஆனதற்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

1921இன் கடைசியில் அவர் கல்கத்தா சென்றார். அங்கே பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய விஞ்ஞான அபிவிருத்திச் சங்கத்தின் பரிசோதனைச்சாலை இருந்தது. அதைப் பற்றி நம்மைப் போன்ற சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1907இல் நிதித் துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்த ராமன், ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் அந்தக் கூடத்துக்குப் போய் ஆராய்ச்சி செய்தவர். பத்து வருடம் அப்படி நடந்தது. 1917இல்தான் உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார். 1921இல் ஐரோப்பா சென்று கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் மனதைப் பற்றிக்கொண்டது. வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிப்பதுதான் காரணம் என்று அதுவரை பலரும் நம்பினார்கள். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதற வைக்கின்றன என்றார் ராமன். இதைத் திரவம் திரவமாகச் சோதித்துப் பார்க்கும் வேலையில் ராமநாதன் சேர்ந்தார். கடலின் நிறத்தைப் பற்றி 1923இல் தாமே ஒரு கட்டுரையும் வெளியிட்டார்.

1922இல் அவருக்கு ரங்கூன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. விடுமுறை விட்டதும் மற்றவர்கள் சொந்த ஊருக்குக் கப்பலேறுவார்கள். இவர் கல்கத்தா பரிசோதனைச்சாலைக்கு வருவார். அப்படி வந்த 1923ஆம் வருடத்துக் கோடையில்தான் நான் சொல்ல வந்த சம்பவம் நடந்தது.

சோதனை எளிமையானது. சூரிய ஒளியைக் கண்ணாடியாலும் லென்ஸாலும் குவித்து ஒரு குப்பியிலுள்ள திரவத்துக்குள் செலுத்துவது. திரவத்துக்கு முன்னால் ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டிக் கண்ணாடி. பார்ப்பவரின் கண்ணுக்கு முன்னால், ஊதாவைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் மற்றொரு கண்ணாடி. சிதறிய ஒளி நிறம் மாறாது என்பது அன்றைய சாஸ்திரம். ஆகவே இரண்டு கண்ணாடிகளையும் வைத்தால் எல்லாம் இருட்டாகத்தான் தெரிய வேண்டும். ஆனால் இருட்டாக இல்லை. மிக மங்கலாக ஓர் ஒளி மிச்சம் இருந்தது.

திரவத்தில் ஏதோ அசுத்தம் கலந்திருக்கிறது, அது மெலிதாக ஒளிர்கிறது என்று ராமநாதன் நினைத்தார். ராமன் சொல்லியபடி திரவத்தைக் காற்று நீக்கிய பாத்திரத்தில் மெதுவாகத் திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தார். அசுத்தமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒளி குறைய வேண்டும். குறையவே இல்லை. காரணம் விளங்கவில்லை என்றாலும் அதை மறைக்காமல், மெலிந்த ஒளிர்வு என்ற பெயரிட்டுத் தம் கட்டுரையில் எழுதிவிட்டு ரங்கூன் திரும்பினார்.

பிறகு நடந்ததை நாடே அறியும். கே.எஸ். கிருஷ்ணன் மேலும் பல திரவங்களில் இதே ஒளியைக் கண்டார். வெங்கடேஸ்வரன் கிளிசரினில் பளிச்சென்று கண்டார். அது ஒளிர்வே அல்ல, மூலக்கூறில் மோதிய ஒளி தன் நிறத்தையே மாற்றிக்கொள்ளும் புதிய விளைவு என்று 1928 பிப்ரவரி 28ஆம் தேதி ராமன் நிச்சயித்தார். 1930இல் நோபல் பரிசு வந்தது. பிப்ரவரி 28ஐ நாம் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம். அதுவே ராமநாதனின் பிறந்த தினம் என்பது பலருக்குத் தெரியாது.

இதை என் பேரனிடம் சொன்னபோது அவன் சட்டென்று ஒரு கேள்வி கேட்டான். அப்படியானால் ஐந்து வருடம் முன்பே கண்ணால் பார்த்தவர் ஏமாந்துவிட்டாரா, தாத்தா என்றான். முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. கைக்கு வந்தது நழுவிப் போயிற்றே என்று வருந்தினேன். யோசித்த பிறகு என் அபிப்பிராயம் மாறியது. அதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றே காரணம்.

நான் இளம் அதிகாரியாக இருந்தபோது ஓர் அலுவலகத்தில் கணக்குப் பதிவேடு ஒன்றைச் சரிபார்த்தேன். ஒரு குமாஸ்தா எழுதிய எண் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. எழுத்துப் பிழையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, அதை அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டு ஃபைலை மூடினேன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அவர் எழுதியதுதான் சரி. மற்றவைதான் தவறு. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவரைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. இன்றும் அது மனதில் உறுத்துகிறது. ஒத்துவராத எண்ணை அடிக்காமல் விட்டு வைப்பது எத்தனை கஷ்டம் என்பதை அன்று கற்றேன்.

ராமநாதன் அடிக்கவில்லை. விளங்காததை விளங்காததாகவே எழுதி வைத்தார். அந்தப் பதிவு இருந்ததால் பின்னால் வந்தவர்களுக்கு வழி தெரிந்தது. ராமனும் நோபல் பரிசுச் சொற்பொழிவில் 1923ஆம் வருடத்து ராமநாதனின் சோதனையை மறக்காமல் குறிப்பிட்டார். ராமநாதன் ஏமாறவில்லை, தன் பங்கை ஒழுங்காகச் செய்தார் என்றே பேரனுக்குப் பதில் சொன்னேன்.

1925இல் ராமநாதன் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அக்காலத்தில் பலூனில் சிறு பதிவுக் கருவியைக் கட்டி மேலே விடுவார்கள். பலூன் வெடித்துக் கருவி எங்கோ வயலில் விழும். கண்டெடுத்துக் கொடுப்பவருக்குச் சிறு வெகுமதி உண்டு. இப்படித் திரும்பி வந்த பதிவுகளையும் மற்ற நாடுகளின் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்து 1929இல் அவர் ஓர் ஆச்சரியமான படத்தை வரைந்தார். தரையில் வெப்பம் மிகுந்த பூமத்திய ரேகைப் பிரதேசத்தின் தலைக்கு மேலே சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களுக்கு மேலே இருப்பதைவிடக் கடுமையான குளிர் இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 80 டிகிரி. அதற்கும் மேலே போனால் வெப்பம் மறுபடி ஏறுகிறது. சாலைத் தெருவில் வியர்த்துக் கொட்டும் நம் தலைக்கு மேலே, சென்னைக்குத் திருவள்ளூரைவிடக் கிட்டத்தில், இப்படி ஒரு குளிர் இருக்கிறது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்!

1948இல் 55 வயதில் அந்த உத்தியோகம் முடிந்தது. நம்மில் பலர் அந்த வயதில் ஈஸிசேரைத் துடைத்து வைப்போம். இவர் ஆமதாபாத்துக்குப் புறப்பட்டார். விக்ரம் சாராபாய் என்ற 28 வயது இளைஞர் 1947 நவம்பரில் பௌதிக ஆராய்ச்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதற்குச் சொந்தக் கட்டிடம்கூட இல்லை. ஒரு கல்லூரியில் இரவலாகக் கிடைத்த அறைகளில் வேலை நடந்தது. ராமநாதன் அதன் முதல் டைரக்டரானார். 1966 வரை, 73 வயது வரை, அப்பொறுப்பை வகித்தார். புதிய கட்டிடத்தை 1954இல் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

ஆமதாபாத்தில் அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டது ஓசோன். வானத்திலுள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டு வந்து பரப்பினால் சுமார் மூன்று மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அந்த மெல்லிய படலம்தான் சூரியனின் கடுமையான புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கிறது. டாப்ஸன் என்ற ஆங்கில விஞ்ஞானி வடிவமைத்த கருவியால் அதைத் தினமும் அளக்கலாம். சூரியன் உதிக்கும்போதும் அஸ்தமிக்கும்போதும் உச்சி வானத்தை அளந்து, எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்று கணக்கிடும் முறையைச் சீர்படுத்தியதில் ராமநாதனுக்கும் அவர் மாணவர்களுக்கும் முக்கியப் பங்கு உண்டு. 1954 முதல் 1957 வரை சர்வதேசப் புவியளவை, புவிபௌதிகச் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1965இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகளை அரசு அளித்தது.

1963 நவம்பர் 21ஆம் தேதி திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது, அதன் பின்னால் நின்றது சாராபாயின் இந்த ஆமதாபாத் கூடம்தான். சுவாதித் திருநாள் காலத்து விஞ்ஞானிகளை இழுத்த அதே காந்த மத்திய ரேகைதான் ராக்கெட்டையும் இந்தக் கடற்கரைக்கு அழைத்து வந்தது. ஒரு காலத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக ராமநாதன் இடியைக் கேட்ட ஊருக்கு, அவர் தலைமை வகித்த நிறுவனத்தின் உழைப்பு அவ்வாறு திரும்பி வந்தது.

1984 டிசம்பர் 31ஆம் தேதி, 91 வயது நிறைந்து, டாக்டர் ராமநாதன் காலமானார். ஐந்தே மாதம் கழித்து, 1985 மே மாதத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவர் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதை வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்டது அதே டாப்ஸன் கருவிதான். எண்கள் மிகக் குறைவாக வந்தபோது கருவியின் கோளாறோ என்று அவர்களுக்கும் முதலில் சந்தேகம் வந்தது. வேறு கருவி கொண்டு சரிபார்த்தார்கள். எண்கள் நிஜம் என்று தெரிந்தது. 1987இல் மான்ட்ரியால் உடன்படிக்கை ஏற்பட்டு உலக நாடுகள் கூடி ஓசோனைக் காக்க முன்வந்தன. நம்ப முடியாத எண்ணை அடிக்காமல் விட்ட பலன் அது.

நம் வீட்டுக் குழந்தைகள் படிப்பில் கெட்டிக்காரர்கள். பெரிய பரிசோதனைச்சாலைகள் இன்று அவர்களுக்குக் கிடைக்கின்றன. அவற்றோடு, தான் பார்த்தது புத்தகத்தோடு ஒத்துவராவிட்டாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வை என்று சொல்லிக் கொடுப்போம். என் பேரன் போன ஐப்பசியில் எங்கள் வாசலில் ஒரு மழைமானியை வைத்து, இடி கேட்ட நேரத்தைத் தினமும் எழுத ஆரம்பித்திருக்கிறான். ஒரு நாள் காலை பத்து மணிக்கே இடி இடித்தது. தப்பாக இருக்குமோ, அடித்துவிடட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன்.